கியர்பாக்ஸுக்கு விசில் எங்கே?

வண்டி கத்துகிறது, நகரவில்லை. இதைத்தான் முதல் வரியாக எழுத வேண்டும் என்று, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவரிடம் சொல்லிவிட்டேன். மலைப்பாதையில் மூன்றாவது வளைவு. இன்ஜின் உறுமுகிற உறுமலில் என் பல்செட் ஆடுகிறது, சக்கரமோ நட்டு வைத்த கல்லாக நிற்கிறது. ஓட்டியவள் என் மருமகள். "என்னங்க, இறங்கிக் கல்லு வைங்க!" என்று அவள் கத்த, பின் சீட்டிலிருந்து என் மகன் குதித்து இரண்டு சக்கரத்துக்கும் அண்டை கொடுத்தான். கால் மணி நேரம் ஆற விட்டோம். மறுபடி கிளப்பினால், ஒன்றுமே நடக்காத மாதிரி நகர்கிறது!

"பாத்தீங்களா அத்தை, நடிக்குது."

"உன் மாமனார் மாதிரி. வேலைன்னா வயித்து வலி, சாப்பாடுன்னா சரியாப் போயிடும்."

சிரித்தாள். ஆனால் மேலே போகவில்லை, வண்டியைக் கீழே திருப்பினாள்.

என் மருமகள் குக்கர் ரிப்பேர் செய்கிறவள். பஸ் நிற்கிற முனையில் கடை. கையை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும். ஆணியில் அளவு வாரியாக ரப்பர் வளையங்கள், தகர டப்பாவில் வெயிட்டுகள், மேஜை மேல் மூடியும் பர்னரும். சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இடது காலை இளைக்க வைத்துவிட்டது. தொடையில் கையை ஊன்றித்தான் நடப்பாள். ஆனால் அவள் நடந்து வருவதற்குள் வாய் நமக்கு முன்னால் வந்து நின்றிருக்கும்.

கல்யாணமாகி வந்த முதல் வாரம், என் குக்கரில் ஓரமெல்லாம் ஆவி கசிந்தது. நான் நாலு ரப்பர் மாற்றியிருந்தேன். அவள் மூடியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், ஊசியால் ஒரு குத்து. "ரப்பர்ல ஒண்ணுமில்லத்தை. விசில் மூக்கு அடைச்சிருக்கு, பாவம், வாயால மூச்சு விடுது" என்றாள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. வெளியே காட்டிக்கொள்ள ஒரு வருஷம் ஆனது, அது வேறு விஷயம்.

அவளுக்கு வண்டி ஓட்ட ஆசை. சொன்ன இடத்திலெல்லாம், "கிளட்ச் எந்தக் காலால மிதிப்பே?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார்கள். கியர் தானாக மாறுகிற வண்டியில் இரண்டே பெடல், இரண்டும் வலது காலுக்கு என்று தெரிந்த நாள் அவள் கால் தரையில் பாவவில்லை. நாற்பத்தொரு வயதில் லைசென்ஸ் எடுத்தாள். ஒரு சர்வேயர் காடு மேடெல்லாம் ஓட்டிவிட்டு, ஒரு வருஷமாகக் கொட்டகையில் போட்டு வைத்திருந்த பழைய பச்சை ஜீப்பை வாங்கினாள். நாலு சக்கரமும் இழுக்கும். உயரம் எப்படியென்றால் என்னை ஏற்ற ஸ்டூல் வேண்டும்.

மலை மேல் நாற்பது வீடு. வாரம் ஒருமுறை குழந்தைகளுக்கு ஊசி போட நர்ஸம்மா போவாள். அவளை ஏற்றிப் போன பழைய டிரைவர் ஓய்வெடுத்துவிட்டார். "புதன்கிழமை உங்க ஜீப் மேல ஏறிடுச்சுன்னா, இனிமே வாராவாரம் நீங்கதான்" என்று நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போனாள். அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். மூன்றாவது வளைவில் மானம் போனது.

நேரே ஒர்க்‌ஷாப். மெக்கானிக் நல்ல மனுஷன், நீளமான ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்து இன்ஜினைக் கேட்பவன். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"கியர் ஆயில் மறுபடி கசியுதும்மா. ஆயிலை அடைக்கிற ரப்பர் வளையம், சீல், ரெண்டு தடவை புதுசு போட்டாச்சு. ஆயில் மட்டம் என்னவோ சரியாத்தான் இருக்கு. அப்பக் கியர்பாக்ஸ் உள்ளயே போச்சுன்னு அர்த்தம். கழட்டிட்டுக் கை கியர் வச்சுத் தரேன். யானை மாதிரி ஏறும்."

"அப்பக் கிளட்ச் யாருண்ணே மிதிப்பா?"

மெக்கானிக் என் மகனைப் பார்த்தான். என் மகன் வானத்தைப் பார்த்தான். "நான் ஓட்டறேனே. நீ பக்கத்துல உக்காந்துக்கோ" என்றான்.

"பக்கத்துல உக்கார வண்டி எதுக்கு வாங்கணும்? பஸ்லயே ஜன்னலோரம் கிடைக்குமே."

"புதன்கிழமை போகணும்ல? ஒத்தக் கால்ல நிக்காதே."

"எனக்கு அது புதுசா? முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ங்க!"

மெக்கானிக் சிரித்த சிரிப்பில் ஸ்பேனர் கீழே விழுந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் விடுங்கண்ணே. அதுக்குள்ள என்ன கோளாறுன்னு காட்டலைன்னா கை கியரே போட்டுடுங்க" என்றாள். கை கியர் போட்டால் அவள் ஜென்மத்துக்கும் அந்த சீட்டில் உட்கார முடியாது.

வண்டியில் கிடந்த கையேட்டுப் புத்தகத்தை விரித்தாள். கியர் ஆயில் பார்க்கிற படம். இன்ஜின் மேலே அலை அலையாகக் கோடு. எனக்கே புரிந்தது, சூடு என்று. "அண்ணே, நீங்க ஆறின வண்டியில, இன்ஜினை நிறுத்திட்டு ஆயில் அளவு பாக்கற குச்சிய எடுத்தீங்க. இதைச் சூடா, ஓடிட்டிருக்கும்போது பாக்கணுமாம்" என்றாள். அரை மணி நேரம் ஊரைச் சுற்றினோம். சமதரையில் நிறுத்தி, இன்ஜின் ஓட ஓட, லீவரை எல்லாக் கட்டத்துக்கும் ஒரு நடை கொண்டுபோய்த் திரும்ப வைத்தாள். குச்சியை உருவினால், நுனி மட்டும்தான் நனைந்திருக்கிறது!

"அடப்பாவி! நின்னா ரொம்பின மாதிரி காட்டுது, ஓடினா பத்தலை" என்றான் மெக்கானிக். "மேட்டுல இருக்கற கொஞ்சமும் பின்னால ஓடிடும். பம்பு காத்தைத்தான் உறிஞ்சும், கியர் பிடிக்காது."

அவள் குச்சியை வெள்ளைத் துணியில் துடைத்து என் மூக்கருகில் நீட்டினாள். "மோந்து பாருங்கத்தை. கருகல் அடிக்குதா?"

"மூக்கை வச்சா கியர்பாக்ஸ் பாக்கறது?" என்று கேட்டான் மெக்கானிக்.

"நீ காதை வச்சு இன்ஜின் பாக்கலியா?" என்றேன். அடுப்பில் எது அடிப்பிடித்தாலும் மூன்றாம் வீட்டிலிருந்து சொல்கிற மூக்கு இது. சிவப்பு ஆயில், கருகல் துளியும் இல்லை. "நல்லாத்தான் இருக்கு. உள்ள ஒண்ணும் தீயலை" என்று அடித்துச் சொன்னேன்.

ஆக, கியர்பாக்ஸ் சாகவில்லை. ஆயில்தான் வெளியே ஓடுகிறது. புது சீலையும் தாண்டி ஏன் ஓடுகிறது? அன்றைக்கு ராத்திரி அவள் சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு அந்தப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

திங்கள் காலை கடையில் நானும் உட்கார்ந்திருந்தேன். ஓர் அம்மாள் குக்கரோடு வந்தாள். "புது ரப்பர்தான் போட்டேன், சுத்திச் சுத்திக் கசியுது."

மருமகள் மூடியை வெளிச்சத்தில் தூக்கினாள். தூக்கினவள் இறக்கவில்லை.

"அத்தை, ரப்பர் புதுசு. ஆனாக் கசியுது."

"அதைத்தானே அவங்களும் சொல்றாங்க."

"ஐயோ அத்தை! ரப்பர் புதுசு! ஆனாக் கசியுது!"

மூடியை அந்த அம்மாள் கையில் திணித்துவிட்டு, தொடையில் கையை ஊன்றிக்கொண்டு ஓட்டம். நான் பின்னால். அந்த அம்மாள் மூடியோடு எனக்குப் பின்னால்.

"அண்ணே! கியர்பாக்ஸுக்கு விசில் எங்க?"

ஒர்க்‌ஷாப்பே சிரித்தது. "ஹாரன் இருக்கேக்கா, அது போதாதா?" என்றான் அங்கே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த டயர்க்காரன். மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை. அவன் கை மெதுவாகத் தலைக்குப் போனது.

"ஒரு டியூப் மேல போகும்... சூட்டுல உள்ள பொங்கற காத்து வெளிய போறதுக்கு."

"அதைப் பாத்தீங்களா?"

"அதை எவம்மா பாப்பான்?"

"உள்ள காத்து முட்டினா சீல் எப்படிண்ணே தாங்கும்? புதுசு போட்டாலும் பிதுக்கிட்டுத்தான் வரும்!"

இன்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றி நிறுத்தினார்கள். விரல் தண்டிக் குழாய். கியர்பாக்ஸ் முதுகிலிருந்து ஏறி, இன்ஜினுக்குப் பின்னால் இருட்டு மூலையில் போய் முடிகிறது. அவள் திறந்த பானெட்டுக்குள் பாதி உடம்பு கிடக்க, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கையை விட்டாள். "மண்ணு... கட்டியா மண்ணு..." குழாய் வாயில் அழகாகப் பூசி வைத்திருந்தது குளவிக் கூடு! கொட்டகையில் நின்ற ஒரு வருஷத்தில் குடித்தனம் நடத்தியிருக்கிறது. அதைப் பிட்டு எறிந்து, குக்கர் ஊசியால் ஒரு குத்து குத்தினாள்.

புஸ்ஸ்ஸ்!

டயர்க்காரன் இரண்டடி பின்னால் குதித்தான். பானெட்டுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது: "ஒரு விசில் வந்தாச்சு. இறக்கிடலாமா அத்தை?"

மெக்கானிக் அந்த மண்கட்டியை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தான். உள்ளே குளவி தன் குஞ்சுக்குத் தீனியாகச் சேர்த்து வைத்த சிலந்திகள், காய்ந்து கிடந்தன. "இந்தக் குளவி, இருபத்தஞ்சு வருஷ மெக்கானிக்கை முட்டாளாக்கிடுச்சே" என்று அவனே சொன்னான். செவ்வாய்க்கிழமை மூன்றாவது சீல் போட்டு, புது ஆயில் ஊற்றி, சூடாக ஓடும்போதே மட்டம் பார்த்தான். குழாய் வாய்க்கு ஒரு சல்லடை மூடி அவளே செய்து மாட்டினாள்.

புதன் காலை என்னை வரவேண்டாம் என்றார்கள். நான் ஆறு மணிக்கே ஸ்டூல் போட்டு ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். என்னை யார் இறக்குவது? பின்னால் நர்ஸம்மா, ஊசி மருந்து இருக்கிற ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் மகன். அதற்கும் பின்னால் மோட்டார் சைக்கிளில் மெக்கானிக், தோளில் இழுவைக் கயிறு, என்ன இருந்தாலும் ஒரு முன்ஜாக்கிரதை.

முதல் வளைவு. இரண்டாவது வளைவு. மூன்றாவது வளைவு தெரிந்ததும் லீவரைக் கீழ்க் கியருக்குத் தட்டினாள். இன்ஜின் உறுமியது. வண்டி ஒரு நொடி நின்றது, சத்தியமாக நின்றது, நான் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தேன். அப்புறம் உள்ளே எங்கேயோ 'டக்' என்று ஒரு கியர் பிடித்தது. சக்கரம் கல்லைக் கவ்வியது. ஜீப் முகத்தைத் தூக்கிக்கொண்டு ஏறியது, ஏறியது, வளைவு எங்களுக்குக் கீழே போய்விட்டது!

"ஏறுதுடி! ஏறுதுடி!" என்று கத்தியது நான்தான். நர்ஸம்மா கை தட்டினாள். பின்னால் மெக்கானிக் ஹாரனை விடாமல் அடித்தான். நான் குனிந்து பார்த்தேன். மருமகளின் வலது கால் வேலை செய்துகொண்டிருந்தது. இடது கால் செருப்பைக் கழற்றிவிட்டு, சீமாட்டி மாதிரிச் சும்மா நீட்டிக்கொண்டிருந்தது.

மேலே முதல் வீடு தெரிந்தது. வாசலில் குழந்தைகளோடு பெண்கள், ஒருத்தி கையில் பிடி உடைந்த குக்கர் வேறு.

"நல்லா ஏறிடுச்சு. இறங்கும்போது வேணா நான் ஓட்டட்டுமா?" என்றான் என் மகன்.

அவள் கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். "நீங்க ஐஸ் பெட்டிய ஆட்டாமப் புடிங்க" என்றாள்.