பாதியில் நின்ற தாழ்ப்பாள்

பூட்டு ரிப்பேர் செய்யும் அவரை எங்கள் தெருவில் ‘சாவி’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே பூட்டுகள் தாமாக வாயைப் பிளந்துவிடுமாம். ஒரு முறை வங்கி வாசலில் தும்மினார், உள்ளே இரும்புப் பெட்டி திறந்துகொண்டது. இதைச் சொன்னவர் பொய்யே பேசாதவர். உண்மை பேசியும் யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரு குணம். கை சும்மா இருக்காது. யாராவது ஒரு பாட்டில் மூடியோடு மல்லுக்கட்டினால் பறித்துத் திறந்து கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை.

மகளுக்கு இரண்டரை வயது. வீட்டில் சுண்டெலி என்று பெயர். அவளுக்கு அவர் முதலில் வாங்கி வந்தது விளக்கு மின்னிப் பாட்டுப் பாடித் தானே சுற்றும் ரயில். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ரயில் அலமாரி உச்சிக்குப் போயிற்று.

“பொம்மையே எல்லாத்தையும் பண்ணிட்டா புள்ளைக்கு என்ன வேலை? ஆன்னு பாத்துக்கிட்டு நிக்கிறா.”

அவருடைய பழைய சாமான் டப்பாவைக் கவிழ்த்து ஒரு கொக்கி, ஒரு குட்டிக் கதவு, அதற்கு ஒரு தாழ்ப்பாள் எடுத்தாள். மூன்றையும் பலகையில் பொருத்தித் தரச் சொன்னாள். அந்தத் தாழ்ப்பாளின் ஜோடி சமையலறைக் கதவில் உள்பக்கம் இருந்தது. சமையலறை வழியாகக் குளியலறைக்குப் போகிற வீடு. மேல் தாழ்ப்பாள் துருப்பிடித்ததால் கீழே ஒன்று போட்டிருந்தார். எவ்வளவு கீழே என்று யாரும் யோசிக்கவில்லை.

பலகை சுண்டெலிக்குப் பிடித்துப்போயிற்று. குமிழைத் தூக்குவாள், இழுப்பாள். பாதி வந்ததும் தாழ்ப்பாள் கொஞ்சம் இறுகும். உடனே அப்பாவின் கை வந்து மீதியை இழுத்துவிடும். குட்டிக் கதவுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி, அதில் அவள் முகம். கைதட்டல்.

“கையை எடுங்க.”

“கொஞ்சம் ஒத்தாசை பண்ணா என்னவாம்?”

“அவ வேலைய நீங்க செஞ்சா அதுக்குப் பேரு ஒத்தாசை இல்ல, திருட்டு. பூட்டுக்காரர் வீட்டுலயே திருட்டு!”

அவர் சிரித்தார். கையை எடுக்கவில்லை.

அன்று காலை மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அவர் முட்டை பொரிக்க எண்ணெயை அடுப்பில் வைத்தார். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். ஒரு வார்த்தை பேசிவிட்டுத் திரும்புவதற்குள் சுண்டெலி உள்ளே புகுந்து சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு ஒரு சளக். அது என்ன சத்தமென்று ஊரில் அவரைவிட யாருக்குத் தெரியும்?

தாழ்ப்பாளுக்குச் சாவித் துவாரம் கிடையாது. இடுக்கில் கம்பி விட்டுப் பார்த்தார். திருடன் கம்பி விடக் கூடாதென்று அவரே அறைந்திருந்த இரும்புப் பட்டை தடுத்தது. ஜன்னலோ, பூனைகூட இளைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். உள்ளே எண்ணெய் காந்தத் தொடங்கிவிட்டது.

மாடிவீட்டு அண்ணன், லாரி ஓட்டி ஓய்ந்தவர், கடப்பாரையோடு இறங்கி ஓடி வந்தார். “நகருப்பா, ஒரே நெம்பு!”

“வேணாம்ணே! கதவு உள்பக்கமாத் தொறக்கும். ஒட்டிக்கிட்டு நிக்கிறா.”

“தள்ளி நிக்கச் சொல்லு!”

“தள்ளிப் போனா அடுப்புண்ணே.”

அண்ணன் கடப்பாரையைத் தாழ்த்தினார். இவர் கதவில் வாயை வைத்தார். “கண்ணு, பலகையில தொறப்பியே, அதே மாதிரி தொற.”

குமிழ் தூக்கும் சத்தம். சர்ர்ர். நின்றது.

“இழு கண்ணு! இன்னும் கொஞ்சம்!”

கதவடி இடுக்கில் குட்டி விரல்கள் வந்தன. அவர் தன் விரலை நுழைத்தார். அவள் அதைப் பற்றி உள்ளே இழுத்தாள்.

“அப்பா கை” என்றாள். “அப்பா கை வா.”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முதல் பாதியை இழுக்கக் கற்றிருந்தாள். மறுபாதிக்கு அவள் கற்றது, காத்திருப்பது.

“விரலை எடுத்துடாதப்பா, புள்ள பயந்துடும்” என்றார் அண்ணன்.

அவர் விரலை உருவிக்கொண்டார். உள்ளே அழுகை வெடித்தது.

“அப்பா கை வராது கண்ணு. உன் கைதான். நீதான் இழுக்கணும்.”

இரண்டு கைகளையும் தொடைக்கடியில் திணித்துத் தரையில் உட்கார்ந்தார். அவர் அழுத்திய அழுத்தத்தில் தரை ஓர் அங்குலம் இறங்கிவிட்டதாக அண்ணன் இன்றைக்கும் சாதிக்கிறார்.

கதவடியில் புகை நூலாகக் கசிந்தது. அழுகை நின்றது. இருமல் வந்தது. அண்ணன் கடப்பாரையை ஓங்கினார்.

“இருங்கண்ணே!”

“இன்னும் என்னய்யா இருக்கிறது?”

சர்ர். நின்றது. ஒரு முனகல். சர்ர்ர், டக்.

கதவு ஒரு விரற்கடை அசைந்தது. அவர் மெல்லத் தள்ளி நுழைந்தார். பிறகு மெல்ல என்பதெல்லாம் இல்லை. ஒரே தாவலில் அடுப்பை அணைத்தார், சட்டியைத் தட்டால் மூடினார், பிள்ளையை வாரி வெளியே கொண்டுவந்தார். சளியும் கண்ணீருமாக அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“கை தட்டு” என்றாள்.

கை தட்ட அவளைக் கீழே விட வேண்டும். அவரால் முடியவில்லை. அண்ணன்தான் கடப்பாரையைத் தன் கால்மேலேயே போட்டுவிட்டு, ‘ஐயோ’ என்ற அலறலோடு தட்டினார்.

மனைவி வந்து முழுவதும் கேட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. தாழ்ப்பாள் கதவின் உச்சிக்குப் போகும்வரை சோறு போடவில்லை, அவ்வளவுதான். திருகாணி முடுக்கப் போனபோது சுண்டெலி கையை நீட்டினாள்.

“நானு.”

அவளைத் தோளில் ஏற்றித் திருப்புளியைக் கொடுத்தார். விழுந்துவிடாமல் அவள் கால்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சோறு ஆறிப்போயிற்று.