இரண்டு விமானங்களுக்கு நடுவே ஒரு முடிவெட்டு

தெருவில் எல்லோரும் அவரைக் கத்தரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் வாயில் அது கத்தரிக்காவாகிவிடும். அக்கா அதற்கெல்லாம் கோபித்துக்கொண்டதில்லை. கணவர் போன பிறகு, வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடியையும் ஒரு சுழல் நாற்காலியையும் போட்டு, பெண்களுக்கு முடி வெட்ட ஆரம்பித்தவர். அக்கம்பக்கத்துத் தலையெல்லாம் அவர் கைக்குப் பழக்கம். ஒரு தலை மட்டும் அகப்படவேயில்லை. அது கணவரின் தங்கையுடையது. நாத்தனார் அடுத்த தெருவில்தான் இருந்தார். ஆனால் பஸ் ஏறி எங்கேயோ போய் வெட்டிக்கொண்டு வருவார். ஏன் என்று அக்கா கேட்டதும் இல்லை, நாத்தனார் சொன்னதும் இல்லை.

நாத்தனாரின் மகளுக்கு வெளிநாட்டில் குழந்தை பிறந்தது. "தனியா பிளேன் ஏற பயமா இருக்கு அண்ணி. நீங்களும் வந்தா தெம்பா இருக்கும்" என்று வந்து நின்றார். அக்கா கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார்.

வழியில் ஒரு பெரிய நகரத்தில் விமானம் மாற வேண்டும். காலையில் இறங்கினால் அடுத்தது சாயங்காலம்தான். பெட்டிகள் நேராகப் போய்விடும், நீங்கள் ஊருக்குள் போய் வரலாம் என்று கவுண்டரில் இருந்தவர் சைகையிலேயே விளக்கினார்.

"எதுக்கு அண்ணி வம்பு? ஊர் தெரியாது, பாஷை தெரியாது. இங்கயே உக்காந்திருப்போம்."

"சாயங்காலம் வரைக்கும் பாத்ரூம் போர்டையே பாத்துக்கிட்டா? இன்னொரு தடவை இந்தப் பக்கம் வருவோமா என்ன? எழுந்திரு."

ரயிலில் சில நிலையங்கள் போனதுமே நாத்தனார் முகம் வெளுத்துவிட்டது. அதனால் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்கள். உயரமான கட்டடங்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. ஒரு சந்தில் நிழல் இருந்ததால் உள்ளே நடந்தார்கள். அங்கே ஒரு சின்ன பார்லர். இரண்டு நாற்காலி, கூட்டமே இல்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அக்கா நின்றவர் நின்றவர்தான். மிட்டாய்க் கடை முன்னால் குழந்தை நிற்குமே, அப்படி.

உள்ளே துண்டு மடித்துக்கொண்டிருந்த பார்லர்காரம்மா கையசைத்துக் கூப்பிட்டார்.

"போய் உக்காருங்க அண்ணி. ஊருக்கே வெட்டறீங்க, உங்களுக்கு யார் வெட்டறா?"

அது உண்மைதான். இத்தனை வருஷமும் அக்கா கண்ணாடியைப் பார்த்துத் தனக்குத் தானே வெட்டிக்கொண்டவர். பின்பக்கம் எப்படி இருக்கும் என்று அவருக்கே தெரியாது. பார்லர்காரம்மா பின்முடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"கோணலா இருக்கா?"

"படிக்கட்டு மாதிரி இருக்கு அண்ணி" என்றார் நாத்தனார்.

வெந்நீரில் தலையை அலசும்போது அக்காவுக்குக் கண் சொருகியது. ஆனால் கத்தரி சத்தம் கேட்டதும் கை தானாக மேலே வந்தது. பார்லர்காரம்மா அந்தக் கையைப் பிடித்துக் கீழே வைக்கப் போனவர், கட்டைவிரலில் இருந்த காய்ப்பைப் பார்த்தார். சட்டென்று தன் விரலை நீட்டினார். அதே இடத்தில் அதே காய்ப்பு. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நாத்தனாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வெட்டி முடிந்து அக்கா எழுந்ததும் நாத்தனார் மெல்ல இன்னொரு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பார்லர்காரம்மா துணியை எடுத்து வந்தார்.

"அவங்க வேணாம் அண்ணி. நீங்க வெட்டுங்க."

அக்கா கத்தரியைக் காட்டி, பார்லர்காரம்மாவைப் பார்த்தார். அவர் புரிந்துகொண்டு தன் கத்தரியையே எடுத்துக் கொடுத்தார்.

நாத்தனார் தலையில் இருந்த க்ளிப்பை எடுத்து, சீப்பால் வாரியபோது உச்சிக்குச் சற்றுப் பின்னால் தெரிந்தது. ஒரு பொட்டு அகலத்துக்கு முடியே இல்லாத வழுக்கை. அக்கா வகிட்டைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி, மேல் முடியை அதன்மேல் விழுகிற மாதிரி வெட்டத் தொடங்கினார்.

"பாத்துட்டீங்களா?" என்றார் நாத்தனார்.

"பாத்தேன்."

"சொந்தக்காரங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் உங்ககிட்ட வரல."

"உன் பொண்ணு கல்யாண வீடியோவுலயே பாத்தாச்சு. நீ குனிஞ்சு குனிஞ்சு எல்லாருக்கும் தண்ணி குடுத்தே."

நாத்தனார் கண்ணாடி வழியாக அண்ணியையே பார்த்தார். "அப்பவே தெரியுமா? ஏன் சொல்லல?"

"நீயா சொல்லாத விஷயத்தை நான் எதுக்குக் கேக்கணும்? தலையை ஆட்டாத, காது போயிடும்."

பார்லர்காரம்மா சின்னக் கண்ணாடி ஒன்றைப் பின்னால் பிடித்துக் காட்டினார். நாத்தனார் நெடுநேரம் பார்த்துவிட்டு, க்ளிப்பைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

திரும்பும்போது எதிர்த்திசை ரயிலில் ஏறிவிட்டார்கள். இந்தத் தடவை பதறியது அக்கா. நாத்தனார்தான் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் டிக்கெட்டைக் காட்டிச் சைகையிலேயே வழி கேட்டு, இறங்கி, சரியான ரயிலுக்கு அண்ணியை இழுத்துக்கொண்டு போனார். விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் இரண்டு பேரும் அசந்து தூங்கிவிட்டார்கள்.

வீட்டு வாசலில் கட்டிப்பிடித்த மகள், அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லா இருக்கேம்மா! எங்க வெட்டின?"

"வழியில" என்றார் நாத்தனார். மகள் அதை விளையாட்டு என்றே நினைத்துக்கொண்டாள்.

அக்கா குழந்தையைக் கையில் வாங்கித் தலையைத் தடவிப் பார்த்தார். பூனைமுடிதான். "இதுக்கு இப்போதைக்கு வேலை இல்ல" என்று மடியில் போட்டுக்கொண்டார்.