கடற்கரைக் கோயிலின் மாலை ஊதா

திருச்செந்தூருக்குத் தெற்கே கடற்கரைக் கோயில்களை வரையப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் போனது எழுபதுகளில், ஓர் ஆடி மாதம். ஒரே மாதா கோயிலைக் காலை, உச்சி, மாலை வெளிச்சங்களில், அந்தந்த நேரம் கண்ணில் படும் நிறத்தையே போடும் இம்ப்ரஷனிஸ்ட் பாணியில் தீட்ட வேண்டும் என்று ஆசை. அதெல்லாம் கல்லூரியில் படித்தவர்கள் செய்வது என்று சென்னையில் ஓர் ஓவிய ஆசிரியர் சொல்லியிருந்தார். என்னைப் போலக் கடைப் பலகை எழுதிப் பிழைத்தவன் கண்ணுக்கு வெளிச்சம் வேறு மாதிரியா விழும்?

சாத்தான்குளத்திலிருந்து உடன்குடிக்குப் பஸ். பிறகு ஐந்து மைல் மாட்டுவண்டி. வழி முழுக்கத் தேரிமேட்டுச் செம்மணல் பறக்கும். வண்ண டப்பாக்களைத் துணியால் சுற்றிக்கொள்ளுங்கள்.

வண்டிக்காரர் நான் படம் தீட்ட வைத்திருந்த மூன்று பலகைகளைப் பார்த்தார். “ஏன் அண்ணாச்சி, இருக்கது ஒரு கோயிலு. மூணு பலகை எதுக்கு? மத்த ரெண்டும் அதுக்குத் தம்பிமாரா?”

காலையில் சுண்ணாம்புச் சுவர் சந்தனமாக இருந்தது. உச்சியில் கண் கூசும் வெள்ளை, நிழலில் மட்டும் நீலம். இரண்டு படங்களையும் ஊர்க்காரர்கள் பார்த்துத் தலையாட்டினார்கள். மாலையில் சூரியன் கோயிலுக்குப் பின்னால் இறங்கியது. கடற்கரையிலிருந்து பார்த்தால் கோபுரம் ஊதாவாகி, உச்சியிலிருந்த குருசு கறுத்துவிட்டது. அப்படியே தீட்டினேன்.

கரையில் நின்ற ஒரு பெண் அருகில் வந்தாள். எல்லா வள்ளங்களும் வந்துவிட்டன. அவள் கணவர் போன வள்ளம் மட்டும் வரவில்லை. காற்று வலுத்திருந்தது.

“எங்க கோயிலு என்ன வண்ணம் அண்ணாச்சி?”

“வெள்ளை.”

“பின்ன நாவப்பழத்த அரைச்சு அப்பி வச்சிருக்கியளே? எங்க வீட்டுக்காரவ இந்தக் கோபுரத்தத்தான் கணியமாப் பாத்துக் கரை பிடிப்பாவ. ஆளு கடல்ல நிக்கையில கோயில இருட்டாக்கலாமா?”

கணியம் என்றால் கடலில் இருப்பவர்கள் திசைக்கு வைத்துக்கொள்ளும் கரை அடையாளம்.

“வெளிச்சம் காட்டுததத்தாம்மா போடுதேன். கடல்ல இருந்து பாத்தாலும் இப்ப இப்படித்தான் தெரியும்.”

அவள் வெற்றிலைப் பையிலிருந்த சுண்ணாம்பை விரலால் வழித்து, ஈரம் காயாத கோபுரத்தில் மேலிருந்து கீழாக இழுத்தாள். நான் கத்தினேன். அவள் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடிந்தபின் வள்ளம் வந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். அவள் கணவர் இல்லை. கோயிலில் துக்க மணி அடித்தது. அவள் என் பலகை முன் வந்து நின்று, “இன்னும் கொஞ்சம் தேச்சிருக்கணும்” என்றாள்.

அந்த ஊதா சரியான ஊதா. இன்றைக்கும் மாற்றிச் சொல்லமாட்டேன். சுண்ணாம்பைச் சுரண்டினால் கண்காட்சியில் வைக்கிறோம் என்று பிறகு சென்னையில் சொன்னார்கள், நான் படத்தைக் கொடுக்கவில்லை. மாலைப் படம் தீட்டப் போகிறவர்கள், எல்லா வள்ளமும் வந்துவிட்டதா என்று கரையில் முதலில் கேளுங்கள். ஒன்று குறைந்தாலும் பலகையைத் திருப்பி வைத்துவிடுங்கள்.