நோயைக் கூப்பிடும் வயல்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வலங்கைமான் தாண்டிப் பனிக்குள் பஸ் பஞ்சராகி நிற்கிறது. பக்கத்து நெல் ஆராய்ச்சி வயலில் ஓர் அம்மா, ஓரத்தில் கருகிய பயிருக்குத் தண்ணீர் தெளிக்கிறார். கீழ்வேளூரில் என் வயலை அழித்த அதே குலைநோய். அடுத்த சம்பாவும் போனால் நிலத்தை விற்க வேண்டியதுதான்.

தயங்கிக் கேட்கிறேன். "இதைப் பிடுங்கிப் போடலையாங்க?"

"நாங்களே கூப்பிட்டு வச்ச நோய்ங்க. சுத்தி இது இருந்தாத்தானே நடுவுல உள்ளது தாங்குதான்னு தெரியும்."

நடுவில் ஒரு பாத்தி மட்டும் பச்சையாகப் பனியில் மிதக்கிறது.

"அதுல ஒரு பிடி விதை கிடைக்குமா?"

சிரிக்கிறார். "பேரே வைக்கல, அதுக்குள்ள பொண்ணு கேக்குறீங்களே! இன்னும் ரெண்டு போகம் தாங்கட்டும், வாங்க."

பஸ் கிளம்புகிறது. பேரில்லாத அந்த நெல் என் வயலில் அசைவதை, கண்ணை மூடாமலே பார்த்துக்கொண்டு போகிறேன்.

எழுதியது: தை மூன்றாம் தேதி.