வாசம் வராத புகை

இந்த ஊரில் புகையைக் குப்பியில் அடைத்து விற்கிறார்கள். ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் பொம்மை ரயில் கடையின் அலமாரியில் அது வரிசையாக நிற்கிறது: நிறமற்ற எண்ணெய். எஞ்சினின் புகைபோக்கியில் சில சொட்டு விட்டால், உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி சூடாகி அதை ஆவியாக்கும். எஞ்சின் ஓடுவது மின்சாரத்தில். புகை, பார்ப்பவர்களுக்காக மட்டும்.

அந்தக் கம்பி இருக்கும் புகைக்குழாய் கெட்டுப்போனால் மாற்றுவது என் வேலை. பழைய எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிட்டு, புதிய குழாயின் இரண்டு வயர்களையும் எஞ்சினின் உடலில் உரசாதபடி பற்றவைக்க வேண்டும். எண்ணெய் அதிகமானால் புகை வராது. வறண்டு ஓடினால் கம்பி தீய்ந்துவிடும்.

சென்ற வாரம் வால்டர் என்ற முதியவர், பழுதுபார்க்கக் கொடுத்திருந்த தன் எஞ்சினை வாங்கிப்போக வந்தார். ஓட்டிக் காட்டினேன். மலை ரயில் ஓடும் ஊர்க்காரன் நான் என்பது அவருக்குத் தெரியும். "ஊர் ஞாபகம் வருகிறதா?" என்று கேட்டார். "எங்கள் பக்கம் புகை தெரிந்தால் அன்றைக்கு வேலை உண்டு" என்றேன். "ரயில்வே வேலை நல்ல வேலைதான்" என்று மகிழ்ச்சியாகத் தலையாட்டினார். நான் திருத்தவில்லை.

நீலகிரியில், நடுவட்டத்துக்கு உள்ளே இருந்த எங்கள் எஸ்டேட்டில், விடிந்ததும் எல்லாரும் பார்ப்பது தேயிலை ஃபேக்டரியின் புகைபோக்கியை. கொழுந்தை உலர்த்தும் அடுப்பில் விறகு போடுவது அப்பாவின் வேலை. தேயிலை விலை விழுந்த ஆண்டுகளில் ஃபேக்டரியை மூடி, அவரைக் காவலுக்கு வைத்தார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கடைசியில் அத்தையும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போக மூட்டை கட்டினாள். சிலோனிலிருந்து கப்பலேறி வந்தபோது அப்பாவுக்கு மிஞ்சிய ஒரே உறவு அந்தத் தங்கைதான்.

அவள் கிளம்பவிருந்த காலையில் புகைபோக்கியில் புகை. லயத்தில் மிஞ்சியிருந்த சிலர் கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு ஓட, நானும் அத்தையும் ஓடினோம். அடுப்புக்கு முன்னால் அப்பா தனியாக நின்றிருந்தார்.

"எஸ்டேட்டு தொர ஃபேக்டரியத் தொறக்கச் சொல்லிட்டாராண்ணே?" என்றாள் அத்தை.

"சொல்லுவாரு. ரெண்டு நாள் இருந்து பாரு புள்ள."

அத்தை மூச்சை இழுத்துப் பார்த்தாள். தேயிலை உலரும்போது அந்த வாசம் லயம்வரை வரும்.

"பொக வருது, வாசத்தக் காணமே. யார ஏய்க்கிற? ஒந் தங்கச்சிக்கு மூக்கு செத்தா போச்சு?"

வந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அத்தை அவர் முகத்தில் ஒட்டியிருந்த கரியை முந்தானையால் துடைத்துவிட்டு மூட்டையைத் தூக்கினாள். அவளைப் பஸ் ஏற்றிவிட்டு நான் திரும்பிப் பார்த்தபோது புகை முன்பைவிடக் கனத்திருந்தது. பொய் என்று எல்லாருக்கும் தெரிந்த பிறகும், பஸ் வளைவைத் தாண்டும்வரை அப்பா விறகு போட்டுக்கொண்டே இருந்தார்.

அத்தை திருப்பூரிலேயே தங்கிவிட்டாள். அப்பா இப்போது இல்லை. போனில் என் வேலையை அத்தைக்கு விளக்கினேன். "அட பாவி, ஒங்கப்பன் பாத்த வேலையத்தான் அங்க போயும் பாக்குறியா?" என்றாள்.

இன்று கடையில் ஒரு எஞ்சினை ஓட்டிப் பார்த்தேன். சோதனைத் தண்டவாளம் ஒரு அட்டை மலையைச் சுற்றிப் போகிறது. எண்ணெய் தீரும்போது நிறுத்த வேண்டும். நான் மேலும் சில சொட்டுகள் விட்டேன். ரயில் வளைவில் மறைந்தது. மலைக்கு மேலே புகை மட்டும் தெரிந்தது. எங்கள் ஊர் வளைவைத் தாண்டிப் போனவனும் நான்தான், இந்தப் பக்கம் நின்று புகை போடுகிறவனும் நான்தான்.