நாய்க்குப் போட்ட களம்

கமுதிப் பக்கத்தில் கூத்தையா போட்ட களம் என்றால் தனி மதிப்பு உண்டு. கரிசலைக் கொத்தி, தண்ணீர் தெளித்து, வைக்கோல் தூவி, மாடுகளை விட்டு மிதிக்க வைத்து, கடைசியில் சாணியைக் கரைத்து மெழுகிவிட்டு எழுவார். அதில் மல்லி அடித்தால் ஒரு விதை மண்ணுக்குள் இறங்காது. மிளகாய் காயப்போட்டால் ஒரு பழத்திலும் புழுதி ஒட்டாது. மற்ற காரியங்களில் அவர் நாலு பேருக்குப் பின்னால் நிற்கிற ஆள்தான். களத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வருவார்.

மழை ஏமாற்றிய ஒரு வருஷம் ராமேஸ்வரத்துக்கு வேலைக்குப் போனார். சதக் என்கிற மேஸ்திரியிடம் கையாளாக இருந்தபோது, ஒரு லாட்ஜின் முற்றத்தில் பிளாஸ்டிக் புல் விரித்தார்கள். கடல் மணலைப் பலகையால் நிரவி, சுருளை உருட்டி விட்டு, ஓரத்தில் ஆணி அடித்ததோடு வேலை முடிந்தது. புல்லின் அடிப்பக்கம் சல்லடைபோல ஓட்டை ஓட்டையாக இருந்ததைக் கூத்தையா பார்த்தார். எதற்கென்று யாரையும் கேட்கவில்லை.

மகள் பூமயிலை ராமநாதபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். மாப்பிள்ளை பூமிநாதனுக்கு சிங்கப்பூரில் வேலை. ஊருக்கு வெளியே, வயலை மனையாக்கி விற்ற இடத்தில் வீடு கட்டியிருந்தார்கள். கொல்லை முழுக்கக் களிமண். சீசர் என்று ஒரு லாப்ரடார் நாய். ஐப்பசி பிறந்தால் போதும், கொல்லைச் சகதியைக் காலில் அப்பிக்கொண்டு வந்து நேரே சோபாவில் ஏறிவிடும். 2008 ஆவணியில் லீவில் வந்த பூமிநாதன், சென்னையிலிருந்து ஒரு சுருள் பிளாஸ்டிக் புல் வாங்கி வந்தான். விரிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

"எங்கய்யா போடுவாரு. ராமேஸ்வரத்துல போட்டிருக்காரு" என்றாள் பூமயில்.

அந்த வீட்டில் அவள் பிறந்த வீட்டைப் பற்றி யாரும் எதுவும் கேட்டதில்லை. தானாக வாய்த்த ஒரு சந்தர்ப்பத்தை அவளுக்கு விட மனசில்லை.

கூத்தையா வந்து கொல்லையைப் பார்த்தார். காலால் மண்ணை நிமிண்டினார். மணல் இல்லையே என்று ஒரு கணம் யோசித்தார். களிமண்தானே, நம்ம மண்தானே என்று அடுத்த கணமே தெம்பு வந்துவிட்டது. கொத்தினார், நனைத்தார், மிதித்தார். சாணியைக் கரைக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா ராமலெட்சுமி கொல்லைப் படியில் வந்து நின்றார்.

"ஏண்ணே, மேல புல்லுதான போடப்போறோம். அடியில எதுக்கு இம்புட்டு மெழுக்கு?"

"அடி சுத்தமா இருந்தாத்தேன் தங்கச்சி மேல நிக்கும். பாருங்க, ஒரு சொட்டு உள்ள எறங்காது."

மேலே புல் விரிந்தது. சீசர் அதில் விழுந்து புரண்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் மதில்மேல் எட்டிப் பார்த்தார்கள். பூமயில் அன்றைக்கு யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் "எங்கய்யா போட்டது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை சிங்கப்பூர் போய்விட்டான்.

கார்த்திகையில் ஒரு நாள், மகளைப் பார்க்க முதல் பஸ் பிடித்து வந்தார் கூத்தையா. வாசலில் மணி அடிக்கவில்லை. முதலில் தன் புல்லை ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று ஆசை. பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போனார்.

வாடைதான் முதலில் வந்தது. மாட்டுக் கொட்டத்திலேயே வளர்ந்த மனுஷன் மூக்கைப் பொத்தினார்.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பூமயில் குத்துக்காலிட்டிருந்தாள். புல்லின் ஒரு மூலையைத் தூக்கிப் பிடித்து, அடியில் நின்ற மஞ்சள் தண்ணீரை பிளாஸ்டிக் மக்கால் மொண்டு வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பினாயில் பாட்டில்.

"அய்யா, சத்தம் போடாதீக. அத்தை எந்திரிக்கிற நேரம்."

கூத்தையா குனிந்து பார்த்தார். அவர் போட்ட களம் போட்டபடியே இருந்தது. ஒரு கீறல் இல்லை. நாய் பெய்ததும் மழை பெய்ததும் அதன்மேல் அப்படியே தேங்கி நின்றன. கண்மாய்க் கரைபோலப் பிடித்து வைத்திருந்தது மண். புல்லின் அடியில் இருந்த அந்த ஓட்டைகள் எதற்கென்று இப்போது யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கதவு திறந்தது. ராமலெட்சுமி.

"வாங்கண்ணே. என்ன, கொல்லை வழியா?"

அவர் வாயெடுக்குமுன் பூமயில் முந்திக்கொண்டாள். "அடியில மெழுகச் சொன்னது நான்தான் அத்தை. அய்யா அன்னைக்கே வேணாம்னாரு. நான்தான் கேக்கல."

இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரு வார்த்தைதான். கூத்தையா "கடப்பாரை இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

புல்லைச் சுருட்டி மதிலோரம் சாய்த்தார். தன் களத்தைத் தானே உடைத்தார். அவ்வளவு லேசில் உடையவில்லை. ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை எடுத்து, தெருச் சாக்கடைப் பக்கம் சரிவு வைத்து, புதிதாக வீடு கட்டும் இடத்தில் கேட்டு வாங்கிய ஜல்லியைக் கொட்டி, மேலே மணல் பரப்பினார். பூமயில் கேட்காமலே மண்சட்டி தூக்கினாள். சீசர் கட்டிப்போட்ட இடத்திலிருந்து குரைத்துக்கொண்டே இருந்தது.

உச்சிவெயிலில் ராமலெட்சுமி மோர் கொண்டுவந்தார்.

"இனிமே மக பேச்சக் கேட்டு எதையும் செய்யாதீகண்ணே. அது சின்னப்புள்ள. அதுக்கு என்ன தெரியும் மண்ணப் பத்தி?"

பூமயில் சட்டியோடு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கூத்தையா பாதி மோரோடு டம்ளரைத் திருப்பி நீட்டினார்.

"தங்கச்சி, அவ ஒண்ணுஞ் சொல்லல. எல்லாம் நான்தேன். ராமேஸ்வரத்துலயும் நான் வெறும் கையாளு. ஒருதரம் கூடமாட நின்னதோட சரி."

ராமலெட்சுமி டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"தெரியும்ணே. சாணி கரைக்கையிலயே ஒரு வார்த்த கேட்டேனே. உங்க மக மொகத்துல அம்புட்டுச் சந்தோஷம், அதான் மேல பேசல. தெனம் விடியமுன்ன அவ இங்கன தண்ணி மொள்ளுற சத்தத்தக் கேட்டுக்கிட்டுத்தான் படுத்துக் கெடக்கேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ரெண்டு திட்டு திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கூத்தையாவுக்குப் பட்டது.

அப்பனும் மகளும் சேர்ந்து புல்லை மறுபடி விரித்தார்கள். ஒரு ஓரத்தை அவள் இழுத்துப் பிடிக்க, அவர் ஆணி அடித்தார்.

"ஏன் ஆத்தா, எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல?"

"போட்டேன்யா."

"எப்ப?"

"மொத மழை பேஞ்சப்ப. டீக்கடையில இருந்தீக. எடுத்துட்டு, 'இரு ஆத்தா'ன்னுட்டு, பக்கத்துல யார்ட்டயோ சொல்லிக்கிட்டு இருந்தீக, எம்மக வீட்டுல நான் போட்ட புல்லு இந்தச் சில்லாவுலயே கெடையாதுன்னு. கேட்டுக்கிட்டே இருந்தேன். அப்பறம் வச்சுட்டேன்."

கூத்தையா நிமிரவில்லை. ஏற்கெனவே இறங்கிவிட்ட ஆணியின் தலையில் இன்னும் இரண்டு அடி வைத்தார்.