கரண்ட் வந்த நேரத்தில் ஒரு ஜெபம்

போன வருஷம் ஆடி மாதம், ஜேடர்பாளையத்தில் காவிரிக் கரையோரம் ஒரு தென்னந்தோப்பில் நடந்தது இது. நான் மல்லசமுத்திரம் பக்கம் மைக் செட் போடுகிறவன். மூன்றாம் வகுப்பை மூன்று தடவை படித்த மேதை. நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரம்மாதான் எழுதுகிறாள்; என் முட்டாள்தனம் வரும் இடத்தில் மட்டும் அவள் கை வேகமாக ஓடுகிறது.

மாரியம்மன் நோம்பி, காதுகுத்து, சர்ச் கூட்டம், எதுவானாலும் என் குழாய் ஸ்பீக்கர்தான் கத்தும். போதகர்களுக்கு மூன்று நாள் தியான முகாம் என்று கூப்பிட்டார்கள். செட்டைக் கட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது, அங்கே யாரும் பேசவே கூடாதாம்! ஜெபம்கூட மனசுக்குள்தான். கூட்டம் என்றாலே மைக் என்று பழகிப்போன கமிட்டிக்காரர்கள், பேசாத கூட்டத்துக்கும் மைக் பிடித்துவிட்டார்கள். கடைசி நாள் ஆராதனைக்கு ஆகும் என்று என்னையும் இருக்கச் சொன்னார்கள்.

மௌனம் தொடங்கும் முன் மூத்த பாஸ்டர் ஐயா ஒருவர் மைக்கைப் பிடித்தார். பதினோரு வருஷமாக அவர் சர்ச்சுக்கு நான்தான் செட் போடுகிறேன்.

"எனக்குள்ள ஜெபம் வத்திப் போச்சுங்க. இந்த மூணு நாள்ல ஆண்டவர் திருப்பிக் குடுக்கலைன்னா, வர்ற ஞாயித்துக்கெழம நான் மேடை ஏறமாட்டேன்" என்றார்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஐயா ஜெபித்தால் ஊரே அழும். அவருக்கா வற்றிப்போச்சு?

இரண்டாம் நாள் காலை பதினோரு மணி. ஆளுக்கொரு மரத்தடியில் போதகர்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பேசாமல் இருந்தால் வயிறு உப்பிவிடும். கரண்ட் வேறு இல்லை. ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்த சமையல் கொட்டகைக்குள் போனேன். சமையல்கார அக்கா புளி கரைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மைக்செட்டு, பெரிய பாஸ்டராட்டம் ஒருக்கா செஞ்சு காட்டுங்க. தூக்கமா வருது" என்றார்.

எனக்கு இது போதாதா? கரண்ட் இல்லாத மைக் கத்தரிக்காய்க்குச் சமம் என்று அதையும் கையில் எடுத்துக்கொண்டேன். ஐயாவின் இருமல், "நேசமுள்ள தகப்பனே" என்ற இழுப்பு, வராதவர்களுக்கு ஆசீர்வாதம், பிரயாணத்தில் இருப்பவர்களுக்குக் காவல், எல்லாம் வரிசை மாறாமல் வந்தது. "தகுதியில்லாத இந்த மண்பாண்டத்தை" என்ற இடத்தில் ஐயாவுக்குத் தொண்டை அடைக்கும், கர்ச்சீப்பை எடுப்பார். நானும் அடைத்தேன். தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்தேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

அப்போது தோப்புக்குள் யாரோ என்னைவிட உருக்கமாக விசும்பினார்கள். நம்மையே மிஞ்சுகிறானே, யார்டா அது என்று எட்டிப் பார்த்தால், மரத்தில் நான் கட்டிய குழாய்! எப்போதோ கரண்ட் வந்துவிட்டது. சுவிட்சை நான் அணைக்கவே இல்லை.

அதை அணைப்பதற்குள் மௌனம், தியானம் எல்லாம் பறந்து போதகர்கள் கொட்டகை வாசலில் திரண்டுவிட்டார்கள். முன்னால் வந்த இளம் போதகர் என் சட்டையைப் பிடித்தார். "யோவ், அறிவிருக்கா? தேவ ஊழியரையே கிண்டல் பண்ற?"

ஐயா கடைசியாக வந்தார். பதினோரு வருஷப் பிழைப்பு போச்சு என்று அவர் காலில் விழுந்தேன். "தெரியாமப் பண்ணிப்போட்டனுங்க ஐயா!"

அவர் இளையவரின் கையை விலக்கினார். முகம் வெளிறியிருந்தது. "அந்த மண்பாண்டம்... அங்கதான் நான் அழுவறனா?"

"ஆமாங்க."

"எப்பவுமேவா?"

பொய் சொல்லியிருக்கலாம். பயத்தில் வாய் உண்மையை உளறியது. "கல்யாணமானாலும் சாவானாலும் அங்கதானுங்க. நீங்க கர்ச்சீப்ப எடுத்தா, நான் அடுத்த பாட்டுக்கு வால்யூம் ஏத்தீருவனுங்க."

ஐயா அப்படியே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "அழுகையும் மனப்பாடமாப் போச்சா சாமி" என்றார் மெதுவாக. அவர் அடித்திருந்தால்கூட எனக்கு அப்படித் தூக்கிவாரிப் போட்டிருக்காது. அவர் கண்ணீர் எனக்கு வெறும் சிக்னலாக இருந்திருக்கிறது. பதினோரு வருஷமும் அதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் ஆராதனை. ஐயா மைக் முன்னால் வந்து நின்றார். பேசவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். ஒயர் பிடுங்கிக்கொண்டதோ என்று நான் குனிந்து தேடினேன். அப்புறம், வீட்டில் பேசுவது போலக் குரல் வந்தது.

"அப்பா, எங்கிட்டச் சொல்ல ஒண்ணுமில்லீங்க. இருந்ததெல்லாம் நேத்து இந்தக் கொழாயில போயிருச்சுங்க. வெறுங்கையோட வந்திருக்கறனுங்க."

அவ்வளவுதான். இருமல் இல்லை, கர்ச்சீப் இல்லை. அடுத்த பாட்டுக்கு வால்யூமை எப்போது ஏற்றுவது என்று தெரியாமல் நான் முழித்துக்கொண்டிருந்தேன். இறங்கி வந்தவர் என் பக்கத்தில் நின்று, "ஞாயித்துக்கெழம செட்டக் கட்டீரு. நான் ஏறறேன்" என்றார்.

இன்றும் யார் குரலைக் கேட்டாலும் செய்து காட்டுவேன், அந்த மூன்று வரியை மட்டும் என் வாய் செய்ய மறுக்கிறது. ஐயா ஜெபிக்கும்போது அடுத்து என்ன வரும் என்று தெரியாததால், வால்யூம் திருகின்மேல் கையை வைத்தபடி இப்போதெல்லாம் நானும் அவரோடு சேர்ந்து காத்திருக்கிறேன்.